குரலுக்கு நிழல் தந்த இரண்டு டேப் எந்திரங்கள்

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து "ஓ" என்று குரல் கொடுத்தால், கிணறும் "ஓ" என்று பதில் சொல்லும். சிறு பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டு இது.

ஆனால் கிணறு இல்லாமல், மலை இல்லாமல், பெரிய மண்டபமும் இல்லாமல் எதிரொலியை உண்டாக்க முடியுமா?

முடியும் என்று காட்டினார் ஒருவர். ஒரு சிறிய அறையில், இரண்டு டேப் எந்திரங்களை வைத்துக்கொண்டு அதைச் செய்தார். அந்த எதிரொலி உலகம் முழுவதும் கேட்டது!

அவர் பெயர் சாம் பிலிப்ஸ். ஊர், அமெரிக்காவில் உள்ள மெம்பிஸ் நகரம். ஆண்டு 1954.

அன்று அவர் செய்த வித்தையை இன்று யாரும் தம் வீட்டில் செய்யலாம். ஒரு செல்போனோ கம்ப்யூட்டரோ இருந்தால் போதும். அந்த வித்தைக்கு "ஸ்லாப்பேக்" என்று பெயர். "ஸ்லாப்" என்றால் அறை. "பேக்" என்றால் திரும்ப. சுவரில் அடித்த பந்து போல, போன குரல் சட்டென்று திரும்பி வந்து தட்டுவதால் இந்தப் பெயர்.

எதையும் பதிவு செய்யும் கடை

சாம் பிலிப்ஸ் 1923ஆம் ஆண்டில் அலபாமா மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ரேடியோ நிலையத்தில் வேலை பார்த்தார். 1950ஆம் ஆண்டு ஜனவரி மாதம் மெம்பிஸ் நகரில், யூனியன் அவென்யூ 706ஆம் எண் கட்டிடத்தில், சொந்தமாக ஓர் ஒலிப்பதிவுக் கூடம் திறந்தார்.

"எதையும் பதிவு செய்வோம், எங்கும் பதிவு செய்வோம், எந்த நேரமும் பதிவு செய்வோம்" என்பதுதான் அந்தக் கடையின் விளம்பரம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் போவார். சாவு வீட்டுப் பிரார்த்தனைக்குக் கூப்பிட்டாலும் போவார். வருமானம் வேண்டுமே!

ஆனால் அவருடைய ஆசை வேறு. அந்தக் காலத்தில் அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் கறுப்பு இன மக்களின் பாட்டைப் பதிவு செய்யப் பலர் முன்வரவில்லை. சாம் பிலிப்ஸ் அவர்களை வரவேற்றார். பின்னாளில் பெரும் புகழ் பெற்ற பி.பி.கிங், ஹவ்லின் வுல்ஃப் ஆகியோர் அவருடைய கூடத்தில் பாடியவர்கள்தான்.

1951ஆம் ஆண்டு ஐக் டர்னர் என்பவரின் இசைக்குழு அங்கே பதிவுக்கு வந்தது. வழியில் கிதார் ஒலிபெருக்கி கெட்டுவிட்டது. மாற்றுப் பெருக்கி வாங்கப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. சாம் என்ன செய்தார் தெரியுமா? காகிதத்தைக் கசக்கி அந்த ஒலிபெருக்கிக்குள் திணித்தார்! கரகரவென்று ஒரு புது ஓசை வந்தது. "இதுவும் நன்றாக இருக்கிறதே" என்று அப்படியே பதிவு செய்துவிட்டார். "ராக்கெட் 88" என்ற அந்தப் பாட்டு பெரிய வெற்றி பெற்றது.

கையில் இருப்பதை வைத்துக் காரியம் முடிப்பது. அதுதான் சாம் பிலிப்ஸ்.

நாலு டாலர் பாட்டு

1953ஆம் ஆண்டு கோடைக் காலம். 18 வயது இளைஞன் ஒருவன் அந்தக் கூடத்துக்கு வந்தான். சுமார் 4 டாலர் கட்டணம் கொடுத்தான். இரண்டு பாட்டுகள் பாடி, ஒரு தட்டில் பதிவு செய்துகொண்டு போனான். அடுத்த ஆண்டு அவன் ஒரு மின்சாதனக் கம்பெனியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான்.

1954ஆம் ஆண்டு சாம் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவனுக்குத் துணையாக இரண்டு பேர். கிதாருக்கு ஸ்காட்டி மூர். ஆள் உயரப் பெரிய பேஸ் வாத்தியத்துக்கு பில் பிளாக்.

ஜூலை 5ஆம் தேதி இரவு. மெதுவான பாட்டுகளாகப் பாடிப் பார்த்தார்கள். ஒன்றும் எடுபடவில்லை. நேரமாகிக்கொண்டே போனது. எல்லோருக்கும் சோர்வு.

நடுவே ஓய்வு கிடைத்தது. அந்த இளைஞன் எழுந்து, சும்மா விளையாட்டாக ஒரு பழைய பாட்டைத் துள்ளிக் குதித்துப் பாடத் தொடங்கினான். ஆர்தர் கிரடப் என்ற கறுப்பு இனப் பாடகரின் பாட்டு அது. பில் பிளாக்கும் கூடச் சேர்ந்துகொண்டார். ஸ்காட்டி மூரும் கிதாரை எடுத்தார்.

பக்கத்து அறையிலிருந்து சாம் எட்டிப் பார்த்தார். "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார். "தெரியவில்லை" என்று பதில் வந்தது. "முதலிலிருந்து தொடங்குங்கள்" என்று சொல்லிவிட்டுப் பதிவு எந்திரத்தை ஓட்டினார்.

சில நாட்களில் அந்தப் பாட்டு மெம்பிஸ் ரேடியோவில் ஒலித்தது. "இன்னொரு தடவை போடுங்கள்" என்று டெலிபோன் மேல் டெலிபோன் வந்தது. ஜூலை 19ஆம் தேதி இசைத்தட்டு வெளிவந்தது.

அந்த லாரி டிரைவர்தான் எல்விஸ் பிரெஸ்லி!

மூன்றே பேர்

அந்தத் தட்டில் வாசித்தவர்கள் எத்தனை பேர்? பாடிய எல்விசையும் சேர்த்து மூன்றே பேர். தாளத்துக்கு டிரம்ஸ் கூடக் கிடையாது.

அந்தக் காலத்தில் பெரிய கம்பெனிகள் இருபது முப்பது பேர் கொண்ட வாத்தியக் குழுவை வைத்துப் பதிவு செய்வது உண்டு. எதிரொலிக்கென்றே தனி அறை வைத்திருப்பார்கள். வழவழப்பான சுவர்கள் கொண்ட அந்த அறைக்குள் ஓர் ஒலிபெருக்கி, ஒரு மைக். பாட்டை உள்ளே ஒலிக்க வைத்து, அங்கே முழங்கும் ஓசையை மைக்கில் பிடிப்பார்கள். அறை இல்லாதவர்கள் வேறு வழி பார்த்தார்கள். 1947ஆம் ஆண்டு சிகாகோ நகரில் பில் புட்னம் என்ற ஒலிப்பதிவாளர், குளியலறையை எதிரொலி அறையாகப் பயன்படுத்தி ஒரு மவுத் ஆர்கன் இசைத்தட்டைப் பதிவு செய்தார். தட்டு அமோகமாக விற்றது.

சாமிடம் அப்படித் தனி அறை இல்லை. அவருடைய கூடம் சிறியது. ஒலியை உறிஞ்சும் பலகைகள் பதித்தது. அங்கே பாடினால் குரல் தெளிவாக இருக்கும். ஆனால் ஒல்லியாக இருக்கும். மூன்று பேர் வாசிப்பு மூன்று பேர் வாசிப்பாகவே கேட்கும்.

அதனால்தான் அவர் டேப் எந்திரங்களை நம்பினார்.

எந்திரம் செய்த வேலை

டேப் எந்திரத்தில் ஒலிநாடா ஒரு சக்கரத்திலிருந்து இன்னொரு சக்கரத்துக்கு ஓடும். வழியில் இரண்டு முக்கியமான முனைகள் இருக்கும். முதல் முனை ஒலியை நாடாவில் எழுதும். அடுத்த முனை, எழுதியதைப் படித்து ஒலியாக வெளியே தரும்.

இரண்டு முனைகளுக்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு. முதல் முனையில் எழுதிய ஒலி இரண்டாம் முனைக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் கொஞ்ச நேரம்தான் எதிரொலி!

சாமிடம் ஆம்பெக்ஸ் 350 என்ற வகையைச் சேர்ந்த இரண்டு எந்திரங்கள் இருந்தன. பாட்டை ஓர் எந்திரம் பதிவு செய்யும். அதே சமயம் பாட்டின் ஒரு பங்கு இரண்டாவது எந்திரத்துக்கும் போகும். அங்கே எழுதப்பட்டு, படிக்கப்பட்டு, சற்றுத் தாமதமாகத் திரும்பி வரும். வந்த ஒலியைப் பாடகரின் நேர்க்குரலோடு அளவாகக் கலப்பார். இரண்டும் சேர்ந்து முதல் எந்திரத்தில் பதிவாகும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எளிதாக விளங்கும். நாடா வினாடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முனைகளுக்கு நடுவே தூரம் 2 அங்குலம். 2ஐ 15ஆல் வகுத்தால், ஒரு வினாடியில் ஏறக்குறைய 7இல் ஒரு பங்கு. நாடாவின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் தாமதம் இரண்டு மடங்காகும்.

குரலுக்குப் பின்னால் ஒரு நிழல் வந்தது. மூன்று பேரின் வாசிப்பு நிறைந்து கேட்டது. கிதாரின் ஒவ்வொரு தட்டுக்கும், பேஸ் தந்தியின் ஒவ்வொரு அறைக்கும் மறு தட்டு விழுந்தது. டிரம்ஸ் இல்லாத குறையே தெரியவில்லை!

கார்ல் பெர்க்கின்ஸ், ஜெர்ரி லீ லூயிஸ் ஆகியோரும் அதே கூடத்தில் பாடினார்கள். அவர்களுடைய தட்டுகளிலும் இந்த நிழல் உண்டு.

பெரிய கம்பெனி பட்ட பாடு

1955ஆம் ஆண்டு நவம்பர் மாதம், எல்விசின் ஒப்பந்தத்தை ஆர்.சி.ஏ. என்ற பெரிய கம்பெனி வாங்கிக்கொண்டது. சாமுக்குக் கிடைத்தது 35 ஆயிரம் டாலர். கடன் நெருக்கிய நேரத்தில் அது பெரிய உதவி.

1956ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நாஷ்வில் நகரில் புதிய கம்பெனிக்காக எல்விஸ் பாடினார். மெம்பிஸ் தட்டுகளில் கேட்ட அந்த ஓசை அவர்களுக்கும் வேண்டும். பெரிய கம்பெனி, பணத்துக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அந்த ஓசையின் சூட்சுமம் பிடிபடவில்லை. கடைசியில் கட்டிடத்தின் நடைபாதையில் ஒலிபெருக்கியையும் மைக்கையும் வைத்து எதிரொலி பிடித்தார்கள்.

வந்தது வேறு ஓசை. சட்டென்று ஒரு முறை தட்டும் ஓசை அல்ல. நீண்டு முழங்கும் ஓசை. "ஹார்ட்பிரேக் ஹோட்டல்" என்ற அந்தத் தட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது என்பது வேறு விஷயம். ஆனாலும் இரண்டு ஓசைகளும் ஒன்று அல்ல என்பது காது உள்ளவர் அனைவருக்கும் தெரிந்தது.

இதற்கிடையே ரே பட்ஸ் என்பவர், உள்ளேயே டேப் எதிரொலி வைத்த கிதார் ஒலிபெருக்கி ஒன்றைச் செய்திருந்தார். ஸ்காட்டி மூர் 1955ஆம் ஆண்டு ஒன்றை வாங்கினார். கூடத்தில் கேட்ட ஓசை மேடையிலும் கேட்டது.

மோகம் லேசில் போகவில்லை. 1970ஆம் ஆண்டு ஜான் லெனன் பாடி வெளியிட்ட "இன்ஸ்டன்ட் கர்மா" பாட்டிலும் அதே பழைய நிழல் குரல் கேட்கிறது.

காதின் கணக்கு

இப்போது வீட்டுக்கு வருவோம்.

இன்று எத்தனையோ வீடுகளில் பாட்டு பதிவாகிறது. பள்ளி விட்டு வந்த பெண் செல்போனில் பாடிப் பதிவு செய்கிறாள். வேலை முடிந்து வந்த தகப்பனார் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பாடுகிறார். பாடும்போது இனிமையாக இருக்கிறது. பதிவைப் போட்டுக் கேட்டால்? "என் குரலா இது?" என்று முகம் சுளிக்கிறார்கள். சிலர் அதோடு பாடுவதையே விட்டுவிடுகிறார்கள். எவ்வளவு பரிதாபம்!

குரலில் குற்றம் இல்லை. காரணம் இரண்டு.

ஒருவர் பேசும்போது அவருடைய குரல் காற்றின் வழியாக மட்டும் அவர் காதுக்குப் போவதில்லை. மண்டை எலும்பின் வழியாகவும் போகிறது. அதனால் தம் குரல் தமக்குக் கனமாகக் கேட்கிறது. மைக்குக்கு அந்த எலும்பு வழி கிடையாது. மற்றவர்கள் தினமும் கேட்கும் குரலைத்தான் அது பிடிக்கிறது.

இன்னொரு காரணம், மைக்குக்கு மிக அருகில் பாடுவது. அப்போது குரல் மட்டுமே பதிவாகிறது. குரலைச் சுற்றி இருக்க வேண்டிய இடம் பதிவாவதில்லை. உப்பு இல்லாத சோறு போல இருக்கிறது.

அந்த இடத்தைத் தருவதுதான் எதிரொலி.

ஒலி, காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 2 மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் பட்டுத் திரும்ப, ஒரு வினாடியை 1000 பங்காக்கினால் 12 பங்கு நேரம் போதும். இந்த ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மில்லி வினாடி என்று பெயர். சுமார் 30, 40 மில்லி வினாடிக்குள் திரும்பி வரும் ஒலியைக் காது தனியாகப் பிரிப்பதில்லை. முதல் ஒலியோடு சேர்த்துவிடுகிறது.

20 மீட்டர் தள்ளி இருக்கும் சுவரானால் திரும்பி வர ஏறக்குறைய 120 மில்லி வினாடி ஆகும். இப்போது காது அதைத் தனி ஒலியாகக் கேட்கிறது. ஆனாலும் பாட்டை விட்டு அது விலகிப் போவதில்லை. ஸ்லாப்பேக் எதிரொலிக்கு ஏற்ற நேரம் இதுதான். 80 முதல் 140 மில்லி வினாடி வரை வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் செய்வது எப்படி?

முதலில் நல்ல பதிவு வேண்டும். துணிமணி நிறைந்த அறை நல்லது. மெத்தை, திரைச்சீலை எல்லாம் அறையின் சத்தத்தை உறிஞ்சும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம் இருக்கட்டும். பின்னணி இசையை இயர்போனில் கேட்டுக்கொண்டு பாடினால், இசை மைக்கில் கலக்காது.

பதிவு முடிந்ததா? இனி வேலை எளிது.

பாட்டுப் பதிவு செய்யும் எந்தச் செயலியிலும் குரல் ஒரு நீண்ட கோடு போலத் திரையில் தெரியும். அந்தக் குரலை அப்படியே ஒரு நகல் எடுங்கள். நகலை அடுத்த வரிசையில் வையுங்கள். பிறகு நகலை மட்டும் 120 மில்லி வினாடி பின்னுக்குத் தள்ளுங்கள். சாம் பிலிப்சின் இரண்டாவது டேப் எந்திரம் செய்த வேலை முடிந்தது!

இப்போது நகலின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, பாட்டை ஓடவிட்டுக்கொண்டே சிறிது சிறிதாக ஏற்றுங்கள். நிழல் காதில் படும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஒரு பிடி குறையுங்கள். அதுதான் சரியான அளவு. நிழல் இருப்பது தெரியக்கூடாது. எடுத்துவிட்டால் மட்டும் "ஏதோ குறைகிறதே" என்று தோன்ற வேண்டும்.

பழைய ராக் பாட்டின் தோரணை வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். அது அவரவர் விருப்பம்.

செயலியில் "டிலே" என்ற கருவி இருந்தால் நகல் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அதில் நேரம் 120 என்று வையுங்கள். "ஃபீட்பேக்" என்ற இடத்தில் பூஜ்யம் வையுங்கள். அதை ஏற்றினால் எதிரொலிக்கு எதிரொலி, அதற்கும் எதிரொலி என்று வந்துகொண்டே இருக்கும். இங்கே வேண்டியது ஒரே ஒரு மறு குரல்.

தாளத்தோடு பொருத்தவும் வழி உண்டு. நிமிஷத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு தட்டுக்கு 500 மில்லி வினாடி. அதில் கால் பங்கு 125. அந்த நேரத்தை வைத்தால் எதிரொலி தாளத்தோடு ஒட்டி வரும். வேகமான பாட்டுக்கு நேரத்தைக் குறைக்க வேண்டும். மெதுவான பாட்டுக்குச் சற்றுக் கூட்டலாம். கடைசித் தீர்ப்பு காதினுடையது.

"ஸ்" படுத்தும் பாடு

நகலை வைத்தவுடன் ஒரு தொல்லை தெரியும். "ஸ", "ஷ", "ச" வரும் இடமெல்லாம் "ஸ்... ஸ்..." என்று இரண்டு முறை சீறும். பாம்பு நுழைந்தது போல இருக்கும்!

பழைய டேப்பில் இந்தத் தொல்லை குறைவு. நாடாவில் ஒரு முறை எழுதிப் படித்தாலே கூர்மையான ஓசை சற்று மழுங்கிவிடும். இன்றைய கம்ப்யூட்டர் எதையும் மழுங்க விடாது. ஆகவே அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். நகலுக்கு மட்டும் "ஈக்குவலைசர்" போட்டு, 4000, 5000 ஹெர்ட்சுக்கு மேல் உள்ள கூர்மையான ஓசையைக் குறையுங்கள். 200 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ள கனத்த ஓசையையும் குறையுங்கள். அசல் குரல் பளிச்சென்று முன்னே நிற்கும். நிழல் மங்கலாகப் பின்னே நிற்கும். நிழலுக்கு அதுதானே அழகு!

நாக்கு ஏன் குளறுகிறது?

முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. பாடும் நேரத்தில் இந்த எதிரொலியை இயர்போனில் சத்தமாகக் கேட்கக்கூடாது.

1950ஆம் ஆண்டு பெர்னார்டு லீ என்ற அமெரிக்கர் ஒரு விந்தையைக் கண்டு எழுதினார். ஒருவர் பேசப் பேச, அவர் குரலையே சற்றுத் தாமதமாக அவர் காதில் போட்டால் நாக்கு குளறுகிறது. நன்றாகப் பேசுகிறவரும் திக்குவாய் போலத் தடுமாறுகிறார். தாமதம் ஒரு வினாடியில் 5இல் ஒரு பங்குக்கு அருகே இருந்தால் தடுமாற்றம் மிகவும் அதிகம்.

பாட்டிலும் தாளம் தவறும். ஆகவே பாடும்போது அசல் குரலை மட்டும் கேளுங்கள். எதிரொலியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். எதிரொலி சேராத அசல் பதிவைத் தனியாகப் பத்திரப்படுத்தி வையுங்கள். நாளைக்கு மனம் மாறினால் திரும்பப் பாட வேண்டியதில்லை.

சுருதி தவறிய பாட்டை இந்த வித்தை காப்பாற்றாது. தவறிய சுருதி இரண்டு முறை கேட்கும்! பயிற்சிக்கு ஈடு பயிற்சிதான். சாம் பிலிப்சும் எதிரொலிக்காகப் பாடகரைத் தேடவில்லை. பாடகர் கிடைத்த பிறகுதான் எதிரொலி சேர்த்தார்.

வேலை முடிந்ததும் வீட்டில் உள்ளவர்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுங்கள். எதிரொலி சேர்த்தது ஒன்று, சேர்க்காதது ஒன்று. எது எது என்று சொல்லாதீர்கள். "எது பிடித்திருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். செல்போனின் சிறிய ஒலிபெருக்கியிலும் கேட்டுப் பாருங்கள். அங்கே சொற்கள் தெளிவாகக் கேட்டால் எங்கேயும் கேட்கும்.

கூடம் இன்றும் இருக்கிறது

யூனியன் அவென்யூவில் உள்ள அந்தச் சிறிய கூடம் இன்றும் இருக்கிறது. பல நாட்டு மக்கள் வந்து பார்த்துப் போகிறார்கள்.

எல்விஸ் 1977ஆம் ஆண்டு காலமானார். சாம் பிலிப்ஸ் தம் 80ஆவது வயதில், 2003ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி காலமானார். மறு நாள், ஜூலை 31ஆம் தேதி, அந்தக் கூடம் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.